தொண்ணூற்றேழு கீழே இருந்தது

"சரிம்மா, வைக்கிறேன்" என்றாள் அகிலா. அவ்வளவுதான். அது காலை ஏழே முக்காலுக்கு. இப்போது மணி இரண்டு பத்து. மின்விசிறி சுற்றுகிறது, ஜெராக்ஸ் மெஷின் சூடு ஆறிக்கொண்டே எப்போதாவது ஒரு டக் சொல்கிறது, கறுப்புத் திரையில் சின்ன வெள்ளைக் கட்டம் ஒன்று அணைந்து அணைந்து எரிகிறது. நான் ஏதாவது அடிப்பேன் என்று அது காத்திருக்கிறது. நானோ ஒன்றும் அடிக்காமல், சரிம்மா என்பதற்கும் வைக்கிறேன் என்பதற்கும் நடுவில் அவள் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மூச்சு இருக்கும். இல்லை, இரண்டு. அந்த இடைவெளியில் காற்றுச் சத்தம் கேட்டது. வீட்டுக்குள் நின்று பேசினால் காற்று எப்படிக் கேட்கும்? மொட்டை மாடிக்கு ஏறிப் போய்ப் பேசியிருக்கிறாள். கல்யாணமாகி ஏழு மாதம் ஆன பெண், காலை வேளையில், அடுப்பில் வேலை கிடக்கும்போது, பெற்றவளிடம் ஒரு பீரோவைப் பற்றிக் கேட்க மாடிக்கு ஏன் ஏற வேண்டும்? துணி காயப்போடப் போயிருப்பாள். ஆமாம், துணிதான். பெரம்பலூரில் இப்போது நல்ல வெயில், துணி சீக்கிரம் காயும். இப்படி நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டால் நெஞ்சு கொஞ்சம் ஆறுகிறது, ஆறினதும் மறுபடி காற்றுச் சத்தம் கேட்கிறது. "என் பீரோ அங்கதானம்மா இருக்கு?" என்றுதான் ஆரம்பித்தாள். நான் இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டே தோளில் போனை இடுக்கிக்கொண்டு, "இன்னைக்கு சாயங்காலத்தோட போகுது. உங்க அத்தை வீட்டுக்கு. அப்பா வண்டி சொல்லிட்டாரு. இனிமே உனக்கு எதுக்கு அது இங்க, அதான் உன் மாமியார் வீட்டுல புதுசு செஞ்சு குடுத்துட்டமே" என்றேன். சிரித்தேன்கூட. ஏன் சிரித்தேன்? அதற்குப் பிறகுதான் அந்த ஒரு மூச்சு, அல்லது இரண்டு, அப்புறம் சரிம்மா.

இந்தக் கம்ப்யூட்டர் மெஷினுக்கும் நேற்றிலிருந்து மூச்சு முட்டுகிறது. திறந்ததும் மேலே ஒரு சிவப்பு வட்டம், இடமில்லை இடமில்லை என்று. கடையில் புதுப் பிரிண்டர் வந்து இறங்கியிருக்கிறது, அதற்கான மென்பொருளை ஏற்றப் போனால் ஏற மாட்டேன் என்கிறது, முதலில் பாதியில் நிற்பதை முடி, அதற்கு இடம் கொடு என்கிறது. ஆவணி முகூர்த்தப் பத்திரிகை ஒன்று இன்று மூன்று மணிக்குள் சரிபார்க்கத் தர வேண்டும். பெண்ணுக்குத் தாய்மாமன் வைத்தியலிங்கம் வந்து உட்கார்ந்து, எழுந்து, டீ குடித்து, மறுபடி வந்து உட்கார்ந்துவிட்டார். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் சகாயம் சாருக்குப் போன் போட்டேன். பாலிடெக்னிக்கில் லேபில் இருக்கிறவர், இந்தக் கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர், என்னை அக்கா என்பார், நான் சார் என்பேன். "அக்கா, பயப்படாதீங்க, அது ஒண்ணும் வியாதி இல்ல. கெர்னல்னு ஒண்ணு இருக்குல்ல, மெஷின் ஆன் ஆனதும் முதல்ல முழிக்கிறது அதுதான். அது முழிச்சு மத்ததை எல்லாம் எழுப்பும். அப்டேட் வரும்போதெல்லாம் புதுசு ஒண்ணு வந்து உக்காரும், பழசு எழுந்து போவாது. அதுங்க இருக்கிற ரூம் சின்ன ரூம். ரொம்பிடுச்சு. பழசை வெளிய அனுப்பணும், அவ்ளோதான்." "நீங்க வந்து செஞ்சு குடுங்களேன் சார்." "எனக்கு மூணரை வரைக்கும் பிராக்டிகல் எக்ஸாம்க்கா, போனை உள்ள விட மாட்டாங்க. நீங்களே செய்வீங்க. எழுதிக்கங்க." பச்சை நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். முதல் வரி, இப்போது எது ஓடுகிறது என்று கேட்க. இரண்டாம் வரி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேட்க. மூன்றாம் வரி, வெளியே அனுப்ப. "ஓடுறதைத் தொடாதீங்க. அதுக்கு முன்னாடி இருந்தது ஒண்ணு, அதையும் விட்டு வைங்க. மத்ததை எடுத்துடுங்க." "முன்னாடி இருந்தது எதுக்கு சார், இடத்த அடைச்சிட்டு?" என்றேன். நானா அப்படிக் கேட்டேன்? நானேதான். அவர் அவசரத்தில் சிரித்தார். "புதுசு ஒரு நாள் மக்கர் பண்ணும்க்கா. ஆன் பண்ணா கறுப்பா நிக்கும். அன்னைக்கு எதுல ஏறி உள்ள வருவீங்க?"

முதல் வரியை அடித்தேன். நூறு என்று சொன்னது. அதற்கு முன்னால் புள்ளி வைத்து ஏதேதோ எண்கள் இருந்தன, அவை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், கடைசி எண்தான் ஆளுக்கு ஆள் மாறும் என்று சகாயம் சார் சொல்லியிருந்தார். இரண்டாம் வரியை அடித்தேன். ஆறு வந்தன, ஒன்றன் கீழ் ஒன்றாக. நூறு, நூற்றியொன்று, எண்பத்தொன்பது, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றுநான்கு, தொண்ணூற்றேழு. நோட்டில் அப்படியே எழுதினேன். மேலே இருக்கிற இரண்டும் புதியவை, நூறு ஓடுகிறது, நூற்றியொன்று பாதியில் நிற்கிறது. கீழே இருக்கிற நான்கும் பழையவை. அடியிலிருந்து ஆரம்பிக்கலாம். அடியில் இருப்பதுதானே எல்லாவற்றிலும் பழையது. பீரோவில் அப்படித்தான். மேல் தட்டில் கட்டுகிற சேலை, அதற்கடியில் எப்போதாவது கட்டுகிறது, எல்லாவற்றுக்கும் அடியில் இனிமேல் கட்டவே போவதில்லை என்று தெரிந்தும் எடுத்துப்போட மனம் வராதது. அகிலாவின் பீரோவில் அடியில் என்ன இருந்தது? ஆடிக்கு வந்திருந்தபோது ஒரு மத்தியானம் அதைத் திறந்துவைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு, வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டாவது ஒன்பதாவது படித்த காலத்து ஸ்கேல், கர்ச்சீப், காலேஜில் வாங்கின ஒரு கப், நீல சுடிதார். "என்னடி தேடற?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா, இருக்கான்னு பாத்தேன்." இருக்கா என்று பார்த்தாளாம். எது இருக்கா என்று? நான் கேட்கவில்லை. கீழே கடையில் ஜெராக்ஸுக்கு ஆள் வந்து நின்றது.

"என்னாம்மா, நீ அந்தக் கறுப்பையே பாத்துட்டிருந்தா தாலி கட்டி, மறுவூடு முடிஞ்சி, வளைகாப்பும் வந்துடும் போலருக்கே" என்கிறார் வைத்தியலிங்கம். நாற்காலியில் ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு, பழைய ஹால் டிக்கெட் ஒன்றால் விசிறிக்கொள்கிறார். "வளைகாப்புக்கும் நம்ம கடையிலயே அடிச்சிக்குங்கண்ணே" என்கிறேன். "இதுவே வந்த பாட்ட காணோம், அதுக்கும் சேத்து அட்வான்ஸ் புக்கிங்கா!" என்று அவரே சிரித்து அவரே இருமுகிறார். நல்ல மனுஷன். தங்கை மகளுக்காக நடையாய் நடக்கிறார். பத்திரிகையில் அந்தப் பெண்ணின் பெயர் பொன் எழுத்தில் வர வேண்டும், மாப்பிள்ளை பெயரைவிட ஒரு நூல்கூடச் சின்னதாக இருக்கக் கூடாது என்று இரண்டு முறை அளந்து பார்த்தார். அகிலா பத்திரிகையை நானே அமைத்தேன். இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்து அமைத்தேன். கடைப் பெயரே அவள் பெயர்தான், அகிலா நகலகம், அவள் மூன்று வயதில் வைத்தது, பெயர்ப் பலகையில் முதல் அ மட்டும் வெயிலில் வெளுத்துப்போய்விட்டது. இந்த மெஷினின் கடவுச்சொல்லும் அவள்தான், பெயரும் பிறந்த வருஷமும். மூன்றாம் வரியை அடித்து, கடைசியில் தொண்ணூற்றேழு என்று போட்டு, தட்டினேன். கடவுச்சொல் கேட்டது. இந்தக் கறுப்புத் திரையில் ஒரு வழக்கம், கடவுச்சொல் அடித்தால் ஒன்றுமே தெரியாது. புள்ளிகூட வராது. விரல் அவள் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடிக்கிறது, திரை சும்மா இருக்கிறது, அடித்தோமா இல்லையா என்றே சந்தேகம் வந்துவிடும். முதல் தடவை சந்தேகத்தில் தப்பாக அடித்துவிட்டேன். மன்னிக்கவும், மறுபடி முயலுங்கள் என்றது. மறுபடி அவள் பெயரை அடித்தேன். இவ்வளவு நீக்கப்படும், இவ்வளவு இடம் கிடைக்கும், தொடரலாமா, ஆமாம் என்றால் ஒய், இல்லை என்றால் என். கையெடுத்து ஒய் மேல் வைத்தேன். போன் அடித்தது.

அகிலா என்று நினைத்தேன். அவள் அப்பா. பார்சல் ஆபீஸில் இருக்கிறார், பின்னால் மூட்டை விழுகிற சத்தம். "இந்தா, பீரோ சாவிய எடுத்து வச்சிட்டியா? அஞ்சு மணிக்கு வண்டி வரும். உள்ளாற இருக்கிற துணிமணி எல்லாம் ஒரு சாக்குல கட்டி பரண்ல போட்டுடு." "அகிலா காலைல போன் பண்ணா" என்றேன். "என்னாவாம்?" என்னவாம் என்று நான் எதைச் சொல்வது, காற்றுச் சத்தத்தையா. "சும்மாதான். பீரோவ கேட்டா." "அவளுக்கு அங்க இல்லாத பீரோவா? என் தங்கச்சி ரொம்ப நாளா கேக்குது. இடம் அடைச்சிட்டு கெடக்குது, எடுத்தா அந்த ரூம்ல பழைய பிரிண்டரப் போட்டுக்கலாம். நீதான சொன்ன?" நான்தான் சொன்னேன். ஆமாம். "சாவிய மறந்துடாத" என்று வைத்துவிட்டார். சாவி என் பர்ஸில் இருக்கிறது, சின்ன சாவி, பச்சை ரிப்பன் கட்டினது. ஆடி முடிந்து கிளம்பின அன்று காலை அவளே என் கையில் வைத்தாள். வழக்கமாகத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறவள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, மாப்பிள்ளை வாசலில் வண்டியை முறுக்கிக்கொண்டு நிற்கிறார், இவள் செருப்பைப் போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றி, "இது இங்கயே இருக்கட்டும்மா, அங்க வச்சா காணாமப் போயிடும்" என்றாள். ஒரு சாவி எப்படிக் காணாமல் போகும்? எடுக்க ஆள் இருந்தால்தானே காணாமல் போகும். அதை அன்றைக்கு யோசித்தேனா? பையில் முறுக்கு வைத்தேனா என்றுதான் யோசித்தேன்.

திரை அப்படியே நிற்கிறது, தொடரலாமா, ஒய், என். வெளியே விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் சரக்கு வண்டி பெட்டி கோத்துக்கொள்ளும் சத்தம், ஒன்று இடித்து அடுத்தது இடித்து அதற்கடுத்தது இடித்து, தூரம் போகப் போகச் சத்தம் மெலிந்து, கடைசிப் பெட்டி இடித்தது கேட்டதா அல்லது கேட்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேனா. மத்தியானத் தூக்கம் கண்ணில் மணல் போலச் சேர்கிறது. ஆடியில் அவள் இருந்த இருபத்தைந்து நாளும் இப்படித்தான் ஒரு தூக்கக் கலக்கம்போலப் போய்விட்டது. முதல் நாள் வந்ததும் சமையலறை வாசலில் நின்று, "அம்மா, ஃப்ரிட்ஜ்லேருந்து தண்ணி எடுத்துக்கவா?" என்றாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "எடுத்துக்கயேன், என்னடி புதுசா" என்றேன். எடுத்துக் குடித்தாள், கைப்பிடி வைத்த டம்ளரைக் கழுவி, துடைத்து, இருந்த இடத்திலேயே, கைப்பிடி அதே பக்கம் பார்க்கும்படி வைத்தாள். பிறந்ததிலிருந்து டம்ளர் கழுவினவள் இல்லை. மாமியார் நன்றாகப் பழக்கியிருக்கிறார் என்று எனக்குப் பெருமை. பெருமையாம். சாப்பிடும்போது யாராவது உள்ளே வந்தால் தட்டோடு எழுந்துவிடுவாள். போன் அடித்தால் எங்கிருந்தாலும் நின்றுகொண்டுதான் எடுப்பாள். "அவங்க நல்லா வச்சிருக்காங்களாடி?" என்று ஒரு நாள் கேட்டேன், பின்னல் போட்டுவிட்டுக்கொண்டே, முகம் தெரியாத பக்கமிருந்து. "அடிக்கல்லாம் இல்லம்மா" என்றாள். நான் கேட்டது அது இல்லை. நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது, தெரிந்து, "போகப் போகப் பழகிடும், கொஞ்சம் அனுசரிச்சிப் போ" என்றேன். பின்னலை இறுக்கிப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, ஸ் என்றாள்.

ஒய் என்று அடித்தால் போய்விடும். அடிக்க வேண்டியதுதான். அடியில் இருப்பது தொண்ணூற்றேழு. விரல் வைத்திருக்கிறேன், அழுத்தவில்லை. தொண்ணூற்றேழு, அதற்கப்புறம் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு. பஸ்ஸில் யாரோ குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி மனசு தானாக எண்ணுகிறது, நான் எண்ணச் சொல்லவில்லை. தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு. பட்டியலில் தொண்ணூற்றெட்டும் தொண்ணூற்றொன்பதும் இல்லை, நூற்றுக்குப் பக்கத்து வீடு தொண்ணூற்றேழுதானே. அப்புறம் எப்படி அது எல்லாவற்றிலும் பழையதாகும்? எண்பத்தொன்பதுதானே பழையது, அது ஏன் நடுவில் உட்கார்ந்திருக்கிறது? நான் ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சையோடு நின்றவள், கணக்கில் நாற்பத்தொன்று வாங்கினவள், ஆனாலும் எண்பத்தொன்பது சின்னது என்று தெரியாதா? பள்ளிக்கூட ஆண்டு மலர் ஞாபகம் வந்தது. நாலு வருஷம் முன்னால், பென் டிரைவில் பக்கம் பக்கமாகப் போட்டு நேராக ஜெராக்ஸ் மெஷினில் செருகிவிட்டேன். அது ஒன்றாம் பக்கத்துக்கு அடுத்துப் பத்தாம் பக்கத்தை அடித்தது, பதினொன்றை அடித்தது, பத்தொன்பது வரை போய்விட்டு அப்புறம் சாவகாசமாக இரண்டுக்கு வந்தது. இருநூறு பிரதி தைத்த பிறகு ஹெட்மாஸ்டர் விரித்தால், வாழ்த்துரைக்கு நடுவில் விளையாட்டு விழாப் படம், வாலிபால் பையன்களுக்கு அடியில் தாளாளர் பெயர். மெஷினுக்கு எண் தெரியாது, எழுத்துத்தான் தெரியும், முதலில் ஒன்று என்று இருந்தால் அது முன்னால், எட்டு என்று இருந்தால் பின்னால், அவ்வளவுதான் அதன் படிப்பு. என்னுடையதைவிடக் கொஞ்சம். அன்றைக்கு அவ்வளவு பட்டும் இன்றைக்கு மறுபடி அதன் வரிசையை நம்பி, பீரோ மாதிரி அடியில் இருப்பது பழையது என்று, விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இல்லை என்பதற்கான ‘என்’ எழுத்தை அடித்தேன். கைவிடப்பட்டது என்று ஒரு வரி வந்தது. வெள்ளைக் கட்டம் மறுபடி அணைந்து அணைந்து எரிகிறது. ஒன்றும் ஆகிவிடவில்லை, ஒன்றும் ஆகவில்லை, தண்ணீர் குடித்தேன், டம்ளரை வைத்தேன், கைப்பிடி எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.

நூற்றியொன்று பாதியில் நிற்கிறது. நூறு ஒரு நாள் கறுப்பாக நின்றுவிட்டால், தொண்ணூற்றேழும் இல்லையென்றால், எதில் ஏறி உள்ளே வருவீங்க. சகாயம் சார் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மெஷினையும் பெண்ணையும் ஒன்றாக நினைக்கிறது என்ன புத்தி, இது தகரமும் ஒயரும், அவள் என் வயிற்றில் கிடந்தவள். இருந்தாலும் அந்த யூரியா மூட்டை கண் முன்னால் வந்து நிற்கிறது. யாரிடமும் சொன்னதில்லை அதை. எனக்குக் கல்யாணமாகி எட்டாவது மாதம். என்ன நடந்தது என்பது இப்போது எனக்கே பெரிதாகத் தெரியவில்லை, அன்று பெரிதாக இருந்தது, ஒரு பையில் மூன்று சேலையைத் திணித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன். பஸ் முழுக்க என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன், அழுதுவிடாமல் சொல்ல வேண்டும், முதலில் அண்ணனிடம் சொல்லக் கூடாது, அம்மாவைத் தனியாக உள்ளே கூப்பிட்டு, என் டிரங்குப் பெட்டி இருக்கிற அறையில் வைத்துச் சொல்ல வேண்டும். அம்மா, "வாடி, என்ன திடுதிப்புனு" என்றாள். அந்த அறைக்குள் போனேன். பெட்டி இல்லை. அது இருந்த இடத்தில் யூரியா மூட்டை, ஒன்றின் மேல் ஒன்றாகக் கூரை வரை. ஒரு வாடை. "உன் பெட்டியா? அத உங்க அண்ணி அவங்க ஊருக்குக் குடுத்துட்டா. இடம் பத்தல" என்றாள் அம்மா, வெகு சாதாரணமாக, சிரித்தபடி. சிரித்தாள். ஆமாம், அவளும் சிரித்தாள். பையைக் கீழே வைக்காமலேயே நின்றேன். வைக்க இடம் எது என்று தெரியவில்லை. "சும்மாதாம்மா, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன். காபி குடித்தேன். மூன்றே முக்கால் பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் எல்லாம் பழகிவிட்டது, அனுசரித்துக்கொண்டேன், நன்றாகத்தான் இருக்கிறேன், அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அன்று நான் எதைச் சொல்ல வந்தேன் என்று இந்த இருபத்தெட்டு வருஷத்தில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க அவர்களுக்குத் தெரிந்திருந்தால்தானே. சும்மாதான் என்று நானே சொல்லிவிட்டேனே. சரிம்மா என்று நானே சொல்லிவிட்டேனே.

சரிம்மா.

எண்பத்தொன்பது என்று அடித்தேன். அவள் பெயரை அடித்தேன், தெரியவில்லை, ஆனாலும் தப்பில்லாமல் அடித்தேன். ஒய். வரிகள் மேலே ஓடின, எறும்புச் சாரைபோல, நீக்கப்படுகிறது நீக்கப்படுகிறது என்று. தொண்ணூற்றொன்று. ஒய். தொண்ணூற்றுநான்கு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நோட்டில் பார்த்து, விரலால் எண்ணி, திரையில் பார்த்து, மறுபடி நோட்டில் பார்த்தேன். "மாவரைக்கிற மாதிரி இருக்குதும்மா நீ கணக்கு பாக்கறது" என்கிறார் வைத்தியலிங்கம். தொண்ணூற்றுநான்கு போனதும், பாதியில் நின்ற நூற்றியொன்று யாரும் தள்ளாமலேயே நகர்ந்து, தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. சிவப்பு வட்டம் மறைந்தது. மறுபடி இரண்டாம் வரியை அடித்து, உள்ளே யார் யார் என்று கேட்டேன். நூறு, நூற்றியொன்று, தொண்ணூற்றேழு. அடியில், சும்மா, யாருக்கும் ஒரு வேலையும் செய்யாமல், தொண்ணூற்றேழு. இருக்கட்டும். நோட்டில் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, இதை எடுக்கக் கூடாது என்று எழுதினேன். பிரிண்டருக்கானதை ஏற்றச் சொன்னேன், ஏறியது. பத்திரிகையை அனுப்பினேன், புது மெஷின் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தாளை உள்ளே இழுத்தது. அது வெளியே வருகிற வரைக்கும்கூட எனக்குப் பொறுக்கவில்லை.

போனை எடுத்தேன். மூன்று ரிங் போனது, நான்காவதில் எடுத்தாள். ஹலோ சொல்லவில்லை. காற்று இல்லை இப்போது. கூட்டம், ஹாரன், யாரோ கூவுகிற குரல். "அகிலா, அந்த பீரோவ யாருக்கும் குடுக்கல. கேட்டியா? அது அங்கயேதான் இருக்கும். உன் ரூம் கட்டிலும் அங்கயேதான் கெடக்கும். காலைல நான் ஏதோ வாய்ல வந்ததச் சொல்லிட்டேன்." ஒரு மூச்சு. இரண்டு. இந்தத் தடவை நான் அந்த இடத்தில் எதையும் போட்டு அடைக்கவில்லை. அப்போது அந்தக் கூவல் போனுக்குள் பக்கத்தில் வந்தது. "தொழுதூர், திட்டக்குடி, பெண்ணாடம், விருத்தாசலம்! விருத்தாசலம் ஏறு ஏறு ஏறு." "நீ எங்கடி இருக்க?" "பஸ் ஸ்டாண்டும்மா." "எவ்வளவு நேரமா?" "பத்து மணிலேருந்து." "யார் கூட?" "நான் மட்டும்தான். பை இருக்கு." பத்து மணியிலிருந்து. எத்தனை வண்டி போயிருக்கும், இந்தக் கூவல் எத்தனை தடவை அவள் காதில் விழுந்திருக்கும். "ஏன்டி ஏறல?" "எங்க ஏறதுன்னு தெரியலம்மா" என்றாள். குரல் உடையவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை, ஃப்ரிட்ஜைத் திறக்கட்டுமா என்று கேட்ட அதே குரல். "அந்த வண்டி கெளம்பிடுச்சா?" "இல்லம்மா, நிக்குது." "ஏறு." "அப்பா..." "அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். நீ ஏறு. ஜன்னல் ஓரமா உக்காரு. போன வைக்காத, ஏறி உக்கார்ற வரைக்கும் வைக்காத." செருப்புச் சத்தம் கேட்டது, தகரப் படியில் கால் வைக்கிற சத்தம், யாரோ தள்ளு தள்ளு என்றது, பை எதிலோ இடித்தது. "அடடே, பொண்ணு பேரு எடுப்பா வந்திருக்கும்மா" என்று வைத்தியலிங்கம் தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிக்கிறார். ஐந்து மணிக்குத்தான் பீரோ ஏற்ற வண்டியும் வரும், அவளும் வருவாள். வண்டி வெறுமனே திரும்பட்டும். பர்ஸுக்குள் கைவிட்டுப் பச்சை ரிப்பனைத் தேடி எடுத்து, சாவியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். காதில் ஒரு விசில் நீளமாகக் கேட்டது. "உக்காந்துட்டேம்மா" என்றாள்.